வேதாகமத் தேர்வும் ஒரு பித்தளை விளக்கும்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழம்பொருள் கடையில் வேலை பார்க்கிறேன். எங்கள் சபை வேதாகமத் தேர்வை இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். முதல் தடவை 61, அடுத்த தடவை 92. எப்படிப் படித்தாய் என்று சபையில் தம்பி தங்கைகள் கேட்கிறார்கள். அதற்காகத்தான் இது.

இரண்டு தடவையும் ஒரே பாடம்: இயேசுவின் மலைப்பிரசங்கம் வருகிற மத்தேயு 5, 6, 7 அதிகாரங்களும், யாக்கோபு எழுதிய நிருபமும் (கடிதம்). மலைப்பிரசங்கத்தில் 111 வசனம், யாக்கோபில் 108. முதல் தடவை எல்லாவற்றையும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தேன். கோடிட்ட இடமெல்லாம் நிரம்பியது. ‘விளக்குக’ என்று வந்தபோது பேனா நின்றுவிட்டது. போதாததற்கு இரண்டு மொழிபெயர்ப்பைக் கலந்து எழுதிவிட்டேன். பழைய மொழிபெயர்ப்பு என்றால் கடைசிவரை அதையே படியுங்கள்.

இரண்டாம் தடவை படித்துக்கொண்டிருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி கடைக்கு வந்தார். ஒரு பித்தளைக் குத்துவிளக்கைத் தூக்கிப் பார்த்து, “தம்பி, இது பழைய சாமானா?” என்றார். போன மாதம் வந்த புது வார்ப்பு அது, பழசுபோல் நிறம் ஏற்றியது. “ஆமா ஆச்சி” என்றேன். வாய் பழகிவிட்டது, வேறென்ன. அன்று காலை பஸ்ஸில் நான் மனப்பாடம் செய்தது மத்தேயு 5:37: “உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்.”

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் சுருக்கென்றது. எதிரே விற்பனைக்கு ஒரு பெல்ஜியம் கண்ணாடி மாட்டியிருந்தது. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு, போனதும் தன் சாயலை மறந்துவிடுகிற மனுஷனைப் பற்றி யாக்கோபு முதல் அதிகாரத்தில் வருகிறதல்லவா, அவனேதான் நான். சாப்பாடு இறங்கவில்லை. மூன்று நாள் கழித்து ஆச்சி வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொல்லி, என் கையிலிருந்து 700 ரூபாய் திருப்பிக் கொடுத்தேன். ஆச்சி சிரித்தார். “தூக்கிப் பாத்தப்பவே தெரியும் தம்பி. நீ என்ன சொல்றேன்னுதான் கேட்டேன்.” பணத்தை மட்டும் மறுக்காமல் வாங்கிக்கொண்டார்!

அதற்குப் பிறகு படிக்கிற விதமே மாறியது. வாரத்துக்கு ஒரு வசனம் எடுத்துக்கொள்வேன். அதை நடத்திப் பார்க்க வேண்டும். முடியவில்லை என்றால் ஏன் முடியவில்லை என்று நோட்டில் இரண்டு வரி எழுத வேண்டும். காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்லும் மத்தேயு 5:24-க்காக, பாகத் தகராறில் பேசாமலிருந்த என் அண்ணனுக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை. அதையும் எழுதினேன். மற்ற வசனங்களைச் சத்தம்போட்டு வாசித்து, ஒரு தடவை கையால் எழுதினால் போதும். ‘விளக்குக’ கேள்விகளுக்கு அந்த நோட்டில் எழுதியதுதான் கை கொடுத்தது. திருத்தியவர் ஒரு பதிலுக்குப் பக்கத்தில் ‘சொந்த அனுபவமா?’ என்று எழுதியிருந்தார்.

வசன எண்ணில் சந்தேகம் வந்தால் அதிகாரத்தை மட்டும் குறிப்பிடுங்கள். தப்பான எண்ணுக்கு எங்கள் சபையில் மார்க் குறைப்பார்கள்.

சரி, இந்த வருஷம் பாடம் நீதிமொழிகள். 31 அதிகாரம், நாளுக்கு ஒன்றாக ஒரு மாதத்தில் ஒரு சுற்று முடியும். 11-ஆம் தேதி வருகிற முதல் வசனம்தான் எனக்கு இடிக்கிறது: “கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது.” எங்கள் கடையில் பழைய பித்தளையை எடைக்குத்தான் வாங்குகிறோம். அந்தத் தராசைப் பற்றி முதலாளியிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும். இன்று தேதி 8.