போர்ட்டிகோவில் ரேஸ் கார்

வீல் அலைன்மென்ட் கடையில் கம்ப்யூட்டர் முதலில் கேட்பது வண்டி எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்றுதான். தம்பியுடையது பழைய ஃபார்முலா மாருதி. ஒற்றை சீட்டு, கூரை கிடையாது, ஹெட்லைட்டும் கிடையாது. கடைப் பையன் பட்டியலை மேலும் கீழும் உருட்டிப் பார்த்துவிட்டு, "மாருதின்னா ஆல்டோனு போட்டுக்கலாமுங்களா?" என்றான். நல்லவேளையாக வண்டி ராம்ப்பில் ஏறவே இல்லை. அதன் மூக்கு தரையிலிருந்து நாலு விரல் உயரம்தான்.

இத்தனைக்கும் இது கோயம்புத்தூர்ச் சரக்கு. 1980களின் கடைசியில் கார் பந்தய வீரர் கரிவர்தன், மாருதி 800 எஞ்சினை எடுத்து இரும்புக் குழாய்க் கூட்டுக்குள் பின்பக்கமாக உட்கார வைத்து உருவாக்கிய வண்டி. செட்டிபாளையம் ரேஸ் ட்ராக்குக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அதே ட்ராக்கில்தான் தம்பி இன்னொருவரின் பின்சக்கரத்தில் தன் முன்சக்கரத்தைக் கொண்டுபோய்க் கோத்தான். அதிலிருந்து வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது. சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் கையான விஷ்போன் வளைந்திருந்தால் சின்னச் செலவு. சேசிஸே, அதாவது அந்தக் குழாய்க் கூடே, வளைந்திருந்தால் அப்பாவிடம் பேச வேண்டிய செலவு. எது என்று அளந்து பார்த்தால்தான் தெரியும். ஆக, போர்ட்டிகோவில் இருந்த அப்பாவின் நாற்காலி வெளியேற்றப்பட்டது.

முதல் சிக்கல் தரை. மழைத்தண்ணீர் ஓடுவதற்காக எல்லா போர்ட்டிகோவையும் போல எங்களுடையதும் கேட் பக்கம் வாட்டமாக இருக்கிறது. டியூப்பில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்த்தால், முன்சக்கரம் நிற்கும் இடம் பின்சக்கரத்தைவிட 22 மில்லிமீட்டர் இறக்கம். தரை மட்டமாக இல்லாமல் எடுக்கிற அளவு எதையும் நம்ப முடியாது. மிச்சமிருந்த டைல்ஸில் இரண்டிரண்டு, மேலே ஒரு பிளைவுட் துண்டு என்று அடுக்கிச் சரிக்கட்டினோம். அப்புறம் டிரைவர் உட்கார்ந்திருக்கிற மாதிரி சீட்டில் பாரம் இருக்க வேண்டும். தம்பியின் எடை 78 கிலோ. ஜிஎஸ்டிக்குத் தப்புவதற்காக அரிசி மூட்டை 26 கிலோவில் வர ஆரம்பித்ததே, அதில் மூன்றை ஏற்றினால் அச்சு அசல் தம்பி. மூட்டைகள் அவனைவிட அமைதியாக உட்கார்ந்திருந்தன என்பது என் சொந்த அபிப்பிராயம்.

அடுத்தது நூல். வண்டிக்கு முன்னால் ஒரு ராடு, பின்னால் ஒரு ராடு. இரண்டிலும் ஒரே இடைவெளியில் வெட்டுப் போட்டு, இரண்டு பக்கமும் தூண்டில் நைலானை இழுத்துக் கட்டினால் வண்டியைச் சுற்றி ஒரு நீள்சதுரம் கிடைக்கும். சக்கரத்தின் நடுவிலிருந்து நூலுக்கு உள்ள தூரம், முன்பக்கம் இடமும் வலமும் ஒன்றாக இருக்க வேண்டும், பின்பக்கமும் அப்படியே. அதன் பிறகு ரிம்மின் முன்விளிம்பு, பின்விளிம்பு இரண்டிலிருந்தும் நூலுக்கு ஸ்டீல் ஸ்கேல் வைத்துப் பார்த்தால் டோ, அதாவது சக்கரம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பி நிற்கும் அளவு, தெரிந்துவிடும். ராடுகள் எங்கிருந்து வந்தன என்பதை, ஜன்னல் ஸ்க்ரீன் தரையில் கிடப்பதைப் பார்த்து அம்மா தானே கண்டுபிடித்துக்கொண்டார்.

பதிலுக்கு அவர் செய்தது இதுதான். வெர்னியரை எடுத்துவர உள்ளே போய்விட்டு வருகிறோம், இடது பக்க நூலில் ஈரத்துண்டு ஒன்றும் அப்பாவின் பனியன் இரண்டும் தொங்குகின்றன. "கொடி சும்மாதானே கெடக்குது சாமி" என்றார். மறுபடியும் கட்டி முடித்தோம். கேஸ் சிலிண்டர்காரர் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு வலது பக்க நூலைத் தாண்டினார். சிலிண்டர் தாண்டிவிட்டது, கால் தாண்டவில்லை.

இதையெல்லாம் பக்கத்துச் சைட் மதிலிலிருந்து பீடியோடு பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரிக்கு ஒரு கட்டத்தில் பொறுக்கவில்லை. தூக்குகுண்டோடு இறங்கி வந்தார். "வண்டி கோணலானு பாக்கறதுக்கு எதுக்குங்க தம்பி சக்கரத்தப் புடிச்சுத் தொங்கறீங்க? மொதல்ல கூட்டப் பாருங்க."

சேசிஸில் விஷ்போன் போல்ட் ஏறும் இடங்களிலிருந்து குண்டை விட்டார். ஃபேனை நிறுத்தச் சொன்னார். குண்டு ஆடி அடங்கும் வரை விரலால் லேசாகத் தொட்டுத் தொட்டு நிறுத்தி, முனை நின்ற இடத்தில் பென்சிலால் ஒரு கூட்டல் குறி. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு, தரையில் இருந்த நாலு குறிகளுக்கும் மூலைக்கு மூலை டேப்பைப் பிடித்தார். வீட்டுக்கு அஸ்திவாரம் போடும்போது பார்ப்பாரே, அதே குறுக்களவு. இரண்டும் ஒன்றாக இருந்தால் நேர், இல்லாவிட்டால் கோணல்.

"அரை நூல்கூட இல்லீங்க" என்றார். அவர் கணக்கில் ஒரு நூல் என்பது கால் அங்குலத்தில் பாதி. "கூடு நேரா இருக்குதுங்க. கைதான் கோணல்."

கை என்று அவர் காட்டியது வலது முன்பக்கக் கீழ் விஷ்போனை. கழற்றி, சமமான கிரானைட் பலகைமேல் போட்டபோது ஒரு கால் தூக்கிக்கொண்டு நின்றது. தம்பி மேஸ்திரியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. புது விஷ்போனை லேத் பட்டறையில் வெல்ட் வைத்து வாங்கி மாட்டினான். இரண்டு தகரத் துண்டுகளுக்கு நடுவில் கிரீஸ் தடவிச் சக்கரத்துக்கு அடியில் வைத்து, சக்கரத்தைத் திருப்பும் கம்பியான டை ராடைத் திருகி டோவைச் சரிசெய்தோம். ரிம்மின்மேல் நூலைத் தொங்கவிட்டு, சக்கரம் நெட்டுக்குத்தாக நிற்காமல் சாய்ந்திருக்கும் அளவான கேம்பரும் பார்த்தாயிற்று. 13 அங்குல ரிம்மில் ஒரு டிகிரிக்குச் சுமார் 6 மில்லிமீட்டர் வரும். செட்டிபாளையத்தில் இப்போது ஸ்டியரிங்கைச் சும்மா பிடித்தாலே வண்டி நேராகப் போகிறது.

பிரச்சினை வேறு இடத்தில் முளைத்தது. டேப்பைச் சுருட்டுவதற்கு முன் மேஸ்திரி, கை சும்மா இருக்காமல், போர்ட்டிகோவுக்கும் ஒரு குறுக்களவு பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "ரெண்டு அங்குலம் அடிக்குதுங்களே. ஆருங்க கட்டுனது?"

அப்பாதான் லீவு போட்டுக் கூடவே நின்று கட்டிய வீடு. அன்றிலிருந்து அவர் பேப்பர் படிப்பதில்லை. நைலான் நூலும் கையுமாக அலைகிறார். "அந்தாளு டேப்பு தப்பு. நீ அந்தப் பக்கம் புடி" என்கிறார், கேட்டுக்குள் நுழைகிற யாரிடமும்.