இணையப் பண மோசடியும் நம் அச்சமும்
இணையவழிப் பண மோசடி குறித்து நமக்குள்ள அச்சம், மோசடி உண்மையில் நடக்கும் அளவை ஒட்டி மட்டும் வளர்வதில்லை. எளிதில் நினைவுக்கு வருவதையே அடிக்கடி நடப்பதாக மனம் கணக்கிட்டுவிடுகிறது என்று உளவியலாளர்கள் ட்வெர்ஸ்கியும் கானமனும் 1973-இலேயே விளக்கினார்கள். வாழ்நாள் சேமிப்பை இழந்து அழும் ஒருவரின் காணொளி, வங்கிகள் ஓசையின்றித் தடுத்துவிடும் முயற்சிகளைக் காட்டிலும் ஆழமாகப் பதிவது அதனால்தான். எதிரி யாரென்று தெரியாததும், போன பணம் திரும்புமா என்ற ஐயமும், ஏமாந்தவரையே குறைசொல்லும் நம் வழக்கமும் (அதுதான் பலரை வாய்திறக்க விடாமல் செய்கிறது) அந்த அச்சத்தை மேலும் கூட்டுகின்றன.

எனக்கு விந்தையாகத் தோன்றுவது வேறொன்று. "உங்கள் கணக்கிலிருந்து யாரோ பணம் எடுக்கிறார்கள், உடனே கடவு எண்ணைச் சொல்லுங்கள்" என்று பதற்றக் குரலில் பேசும் மோசடிக்காரர், மோசடி பற்றிய நம் அச்சத்தையே முதலாகப் போட்டுத் தொழில் நடத்துகிறார். அப்படியிருக்க, "எச்சரிக்கை, ஏமாறாதீர்கள்" என்று மிரட்டுவதோடு நின்றுவிடும் அறிவிப்புகளால் பயன் குறைவு என்றே கருதுகிறேன். அழைப்பைத் துண்டித்துவிட்டு, வங்கி அட்டையின் பின்புறம் அச்சிட்டுள்ள எண்ணுக்கு நாமே அழைத்துக் கேட்கலாம் என்ற ஒரு வரியை அவற்றில் சேர்ப்பதில் என்ன தடை என்று தெரியவில்லை.