நாலாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்புக்கு: பிரிட்டனில் ஒரு பந்தய லைசென்ஸ்

பிரிட்டனில் சைக்கிள் பந்தயத்தில் இறங்க யாரும் தகுதித் தேர்வு வைப்பதில்லை. பிரிட்டிஷ் சைக்கிளிங் அமைப்பில் உறுப்பினராகி, பந்தய லைசென்ஸுக்கு மேற்கொண்டு பணம் கட்டினால், அடிமட்டமான நாலாம் வகுப்பு என்று பதிவு செய்து தந்துவிடுவார்கள். நாற்பதை நெருங்கும் வயதில், பள்ளி ஓட்டப்பந்தயத்தில்கூடப் பெயர் கொடுக்காத எனக்கும் தந்தார்கள். அம்மாவிடம் போனில் சொன்னேன். "சைக்கிள் ஓட்டவா லைசென்ஸு? அந்த ஊர்ல எல்லாத்துக்கும் காசுதான்டி" என்றார். பாதி உண்மை.

கஷ்டமெல்லாம் அதற்கு அப்புறம்தான். நாலிலிருந்து மூன்றாம் வகுப்புக்கு ஏற 12 புள்ளி வேண்டும். மூன்றிலிருந்து இரண்டுக்கு 40. இரண்டிலிருந்து ஒன்றுக்கு 200. அதற்கும் மேலே எலீட் என்ற உச்சி வகுப்பு. சாதாரண உள்ளூர்ப் பந்தயத்தில் முதல் பத்து இடங்களுக்குள் வந்தால்தான் புள்ளி. ஒருநாள் லைசென்ஸ் எடுத்து ஓட்டலாம், ஆனால் அதில் புள்ளி ஏறாது.

நான் இருப்பது லீட்ஸ். இங்கே பிரவுன்லீ மையத்தில் ஒரு மைல் நீளத்துக்குச் சுற்றுப்பாதை இருக்கிறது. கார் வராது, குழி கிடையாது, வளைவுகள் மட்டும் நிறைய. பந்தய நாளில் முதலில் கையெழுத்து, பிறகு எண் அட்டை. அதை ஊக்கு வைத்து இடுப்புப் பக்கம் குத்த வேண்டும். எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொள்வது நல்லது, நடுவர் நிற்கும் பக்கம்தான் தெரிய வேண்டும். ஹெல்மெட்டையும் ஹேண்டில்பார் முனையில் அடைப்பான் இருக்கிறதா என்பதையும் பார்ப்பார்கள். திறந்த குழாய் முனை விழுந்தவர் தொடையில் குத்திவிடும் என்று காரணம் சொன்னபோது எனக்கு வயிறு கலங்கியது.

பெண்கள் பந்தயத்துக்குப் பல வாரங்களில் ஆள் சேராது. ஆகவே எலீட் முதல் நாலாம் வகுப்பு வரை எல்லாரையும் ஒரே பந்தயத்தில் விட்டுவிடுவார்கள். தொழில்முறை அணிக்குப் போகும் நிலையில் இருக்கும் இருபது வயதுப் பெண்ணும், குழந்தையை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டு வந்திருக்கும் நானும் ஒரே கோட்டில் நிற்போம். விசில் அடித்த சில நிமிடங்களில் அவர்கள் முதுகு தெரியும், அப்புறம் அதுவும் தெரியாது. அங்கே எனக்குப் புள்ளி கிடைக்க வழியே இல்லை. மூன்றாம், நாலாம் வகுப்புப் பெண்களுக்கு மட்டும் என்று போட்டிருக்கும் பந்தயங்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஆண்களுக்கு நாலாம் வகுப்புப் பந்தயம் வாரந்தோறும் எங்காவது நடக்கும். பெண்கள் பந்தயத்துக்காக நான் பக்கத்து மாவட்டமான லங்காஷயர் வரை போனேன்.

பெண்களுக்கு இந்த ஏணியில் நடுப்படிகள் இல்லை என்பது கீழே நிற்கும்போதுதான் உறைக்கிறது. மேலேயும் நிலைமை ஆட்டம்தான். 2014இல் தொடங்கி நாட்டின் பெரிய பெண்கள் பந்தயமாக இருந்த விமன்ஸ் டூர் 2023இல் பணமில்லாமல் நின்றுபோனது. மறு வருடம் பிரிட்டிஷ் சைக்கிளிங்கே பொறுப்பெடுத்து வேறு பெயரில் நடத்தியது.

லீட்ஸுக்குப் பக்கத்து ஊர் ஆட்லி. தொழில்முறைப் பந்தய வீராங்கனை லிஸ்ஸி டீக்னன் அந்த ஊர்ப் பெண். பள்ளிக்குத் திறமை தேடி வந்த பிரிட்டிஷ் சைக்கிளிங் குழுவின் கண்ணில் பட்டவர். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நெதர்லாந்தின் மரியன்னா வோஸுக்கு அடுத்து வெள்ளி, 2015இல் அமெரிக்காவின் ரிச்மண்டில் உலகப் பட்டம். 2018இல் மகள் பிறந்தாள். கர்ப்பமாக இருக்கும்போதே ட்ரெக் அணி ஒப்பந்தம் தந்தது, அடுத்த வருடமே விமன்ஸ் டூரை வென்றார். இவரைப் பார்த்து நான் சைக்கிள் ஏறவில்லை. ஏறிய பிறகுதான் இவர் செய்ததன் அருமை புரிந்தது.

முக்கியமாக ஒரு விஷயம். கூட்டத்தில் முன்னால் போகிறவரின் சக்கரத்தை ஒட்டி ஓட்டினால் காற்று அடிக்காது, கால் பிழைக்கும். அதனால் பின்னாலேயே பதுங்கி, கடைசிச் சுற்றில் பாயலாம் என்று தோன்றும். நடப்பது வேறு. ஒவ்வொரு வளைவிலும் முன்வரிசை லேசாக வேகம் குறைக்கும். கடைசியில் இருப்பவர் பிரேக்கைப் பிடித்தே ஆக வேண்டும், வளைவு முடிந்ததும் இடைவெளியை மூட எழுந்து நின்று மிதிக்க வேண்டும். சுற்றுக்குச் சுற்று இதையே செய்தால் பாதிப் பந்தயத்திலேயே தொடை கல்லாகிவிடும். எங்களுக்குப் பயிற்சி தந்த அம்மணி ஒன்றுதான் சொல்வார்: "வளைவுக்கு முன்னாடியே முன்னால இரு."

2021 அக்டோபர் 2 அன்று நடந்த பிரான்ஸின் முதல் பெண்கள் பாரிஸ்-ரூபே பந்தயத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஆண்களுக்கு 1896 முதல் நடப்பது அது. கருங்கல் பாவிய ஒடுக்கமான பாதை, மழைச் சகதி. டீக்னன் அன்று அணியின் தலைவி அல்ல. முதல் கல்பாதையில் முன்னால் நுழைந்தால் பின்னால் வரும் தோழிகளுக்குப் பாதுகாப்பு என்று போனவர், திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. சரி என்று 80 கிலோமீட்டருக்கு மேல் தனியாகவே ஓட்டி ஜெயித்தார். கையுறை போடாததால் ஹேண்டில்பாரில் ரத்தக் கறை. வளைவுக்கு முன்னாடியே முன்னால் இருப்பதுதான், அளவு மட்டும் வேறு.

பரிசு 1,535 யூரோ. ஆண்கள் பந்தயத்தில் ஜெயித்தவருக்கு 30,000. எனக்கும் ஒரு முறை உறையில் வைத்துப் பத்து பவுண்டு தந்தார்கள், நுழைவுக் கட்டணம் அதைவிட அதிகம். ஆனால் எனக்கு இது பொழுதுபோக்கு, அவர்களுக்குப் பிழைப்பு. முதல் நிலைப் பெண்கள் அணிகளுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒன்று வந்ததே 2020இல்தான், ஆண்டுக்கு 15,000 யூரோ. மகப்பேறு விடுப்புக்கான விதியும் அப்போதுதான் வந்தது. டீக்னன் முதல் குழந்தை பெற்ற வருடம் அந்த விதி இல்லை.

என் புள்ளிகள் சில்லறையாகத்தான் சேர்ந்தன. ஒரு பத்தாம் இடம், ஓர் எட்டாம் இடம், இப்படி. ஒரு மாலை மழைத் தூறலில் பாதிப்பேர் வரவில்லை, நல்ல கொத்தாகப் புள்ளி விழுந்தது. கடைசிப் பந்தயத்தில் கடைசிச் சுற்றுக்கான மணி அடித்தபோது நான் வரிசையில் நாலாவதாக இருந்தேன். எதிர்காற்று வீசும் நேர்பாதையில் யாருக்கும் முன்னால் போக மனமில்லை. கடைசி வளைவுக்கு முன்பே வெளிப்பக்கமாக ஏறி வளைவுக்குள் முதலில் நுழைந்தேன். கோட்டருகே இரண்டு பேர் தாண்டினார்கள். மூன்றாம் இடம், 12 தாண்டியது. சில நாளில் இணையக் கணக்கில் வகுப்பு மாறியிருந்தது.

மூன்றாம் வகுப்புக்கு வந்தவரைத் திரும்ப நாலுக்கு இறக்க மாட்டார்கள். இரண்டாம் வகுப்புக்கான 40ஐ ஒரே சீசனுக்குள் சேர்க்க வேண்டும், என் வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே அது நடக்கும் என்று தோன்றவில்லை. தொடங்க நினைக்கும் பெண்களுக்கு: பணம் கட்டுமுன் ஒரு மாலைப் பந்தயத்துக்குப் போய் வேலிக்கு வெளியே நின்று பாருங்கள். உங்கள் பகுதியில் மூன்றாம், நாலாம் வகுப்புப் பெண்களுக்கான பந்தயம் எத்தனை நடக்கிறது என்று சீசன் நாள்காட்டியில் எண்ணிப் பாருங்கள். அது விரல் விட்டு எண்ணும் அளவில் இருந்தால், பக்கத்து மாவட்டத்துக்கு ரயில் டிக்கெட் எவ்வளவு என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.