ஸ்கூபா சாமானும் விமான எடைக் கணக்கும்: எதைத் தூக்கிக்கொண்டு போவது?

விமான நிலையக் கவுன்டரில் கூட வந்த நண்பரின் பையைத் தராசில் வைத்ததும், கூடுதல் எடைக்கு என்று ஒரு தொகை கேட்டார்கள். அந்தக் காசில் இன்னும் இரண்டு நாள் டைவ் போயிருக்கலாம். கோபம் இன்னும் ஆறவில்லை, அதனால் சூட்டோடு எழுதிவிடுகிறேன்.

பிசிடியில், அதாவது காற்றை நிரப்பியும் விட்டும் தண்ணீரில் மிதப்பதைச் சரிசெய்துகொள்ளும் ஜாக்கெட்டில், தொடங்கி வரிசையாகச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டரை முதலில் சொல்லாமல் கை நகர மறுக்கிறது. சாமான் எதையும் கொண்டுவராமல் எல்லாவற்றையும் அங்கேயே வாடகைக்கு எடுத்தார் எங்கள் படகில் இருந்த ஒருவர். அவருக்குக் கிடைத்த ரெகுலேட்டரில், பல்லால் கடித்துப் பிடிக்கும் ரப்பர் ஓரத்தில் கிழிந்திருந்தது. மூச்சை இழுக்கும்போதெல்லாம் உப்புத் தண்ணீர் பொடிப்பொடியாக உள்ளே வந்தது. டைவ் முழுக்க அவர் மீனையா பார்த்திருப்பார்? மூச்சு விடும் சாமான் சொந்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பட்ஜெட் இடித்தால் வேறு எதில் வேண்டுமானாலும் குறையுங்கள், இதில் வேண்டாம்.

வாங்கும்போது டின் வகையை வாங்குங்கள். சிலிண்டர் வால்வுக்குள் திருகி மாட்டுவது அது. வால்வைக் கவ்விப் பிடிக்கும் யோக் வகையைவிட எடை குறைவு. போகும் இடத்தில் யோக் சிலிண்டர்தான் இருக்கிறது என்றால், உள்ளங்கையில் அடங்கும் ஒரு அடாப்டர் போதும். டைட்டானியம் ரெகுலேட்டர் இன்னும் லேசு, ஆனால் விலை கண்ணைக் கட்டும். சிலிண்டரில் 40 சதவீதத்துக்கு மேல் ஆக்ஸிஜன் உள்ள காற்றுக் கலவை அடைத்திருந்தால் அதற்கும் அது ஆகாது. ரப்பர் ஹோஸுக்குப் பதிலாகப் பின்னல் ஹோஸ் போட்டால் எடையும் குறையும், சுருட்டி வைக்கவும் எளிது.

சரி, பிசிடி. சாதாரண ஜாக்கெட் 4 கிலோவைத் தொடும். பயணத்துக்கென்றே வருபவை 2 முதல் 3 கிலோவுக்குள் அடங்கும். முதுகில் கெட்டித் தகடு இல்லாததால் சட்டை மாதிரி மடித்துவிடலாம். எனக்குப் பிடித்ததே வேறு விஷயம்: தடித்த பஞ்சுத் திணிப்பு இல்லாததால் அது தானாக மிதப்பது குறைவு, அதனால் மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் ஈயமும் குறைகிறது. சீக்கிரம் காயவும் செய்கிறது. ஒரு எச்சரிக்கை உண்டு. காற்று நிரப்பினால் நம்மை மேலே தூக்கி மிதக்க வைக்கும் திறன் இவற்றுக்குப் பொதுவாகக் குறைவு. வெதுவெதுப்பான கடலில் 3 மில்லிமீட்டர் தடிமன் வெட்சூட்டோடு (குளிரைத் தாங்கப் போடும் ரப்பர் உடை) போகிறவர்களுக்குத் தாராளம். குளிர் கடலுக்குத் தடித்த சூட்டும் அதற்கேற்ற ஈயமும் கட்டுகிறவர்கள் வாங்குவதற்கு முன் அந்த அளவைப் பார்த்தே ஆக வேண்டும்.

சிலிண்டரையும் ஈயத்தையும் யாரும் தூக்கிக்கொண்டு வரத் தேவையில்லை. எல்லா டைவ் சென்டரிலும் கிடைக்கும். காலில் மாட்டும் துடுப்பான ஃபின்ஸில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நண்பரின் பையில் பாதி எடை அந்தக் கனத்த ரப்பர் ஃபின்ஸும் பூட்ஸும்தான். படகிலிருந்து குதிக்கிற பயணம் என்றால் வெறுங்காலில் மாட்டும் முழுப்பாத ஃபின்ஸ் போதும், பூட்ஸே வேண்டாம். பாறை மேல் நடந்து கடலில் இறங்க வேண்டுமென்றால் மட்டும் பூட்ஸும் பின்பக்கம் பட்டை உள்ள ஃபின்ஸும் தேவை. பையின் நீளத்துக்குள் ஃபின்ஸ் அடங்குகிறதா என்று அளந்துவிட்டு வாங்குங்கள்.

மாஸ்க், ஆழத்தையும் நேரத்தையும் காட்டும் டைவ் கம்ப்யூட்டர், ரெகுலேட்டர் மூன்றும் கைப்பையில்தான். பெட்டி தொலைந்தாலும் மற்றதை வாடகைக்கு எடுத்துச் சமாளிக்கலாம்; முகத்துக்குப் பொருந்திய மாஸ்க் அங்கே கிடைக்கும் என்று நம்ப முடியாது. டார்ச்சின் உதிரி லித்தியம் பேட்டரிகளும் கைப்பையில்தான் வர வேண்டும், முனைகளை டேப் ஒட்டி மூடி. கத்தி மட்டும் பெட்டிக்குள்.

அப்புறம் திரும்பும் நாள். ஈரமான வெட்சூட் போகும்போது இருந்ததைவிட நிறையவே கனக்கும். பல டைவ்கள் செய்தபின் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரமாவது இடைவெளி விடச் சொல்கிறது டைவர்களின் பாதுகாப்புக்கான அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க். எப்படியும் காத்திருக்கப் போகிறோம், அந்த நேரத்தில் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் தொங்கவிடுங்கள். பிசிடிக்குள் தேங்கிய தண்ணீரைத் தலைகீழாகப் பிடித்து வடிக்க மறக்காதீர்கள், அதற்கும் சேர்த்துத்தான் கவுன்டரில் காசு வாங்குவார்கள்.