பட்டுச் சட்டை, கம்பளி ஸ்வெட்டர், ஒரு ரேயான் ஸ்கர்ட்

என்னிடம் ஒரு வெளிர்நீலப் பட்டுச் சட்டை இருக்கிறது. அதன் காலருக்கு உள்பக்கம் ஒரு மஞ்சள் கோடு. மூன்று முறை டிரை கிளீனிங் கொடுத்து வாங்கியாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் சட்டை பிளாஸ்டிக் உறைக்குள் மடிப்புக் கலையாமல் புதுசு போல வரும். கூடவே அந்தக் கோடும் வரும். கடைக்காரர் ஏனோதானோவென்று வேலை செய்கிறார் என்றே நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்சம் படித்துப் பார்த்தபோது அவரைத் திட்டியது பாவம் என்று புரிந்தது. டிரை கிளீனிங்கில் தண்ணீர்தான் இல்லையே தவிர, துணி நன்றாகவே நனைகிறது. தண்ணீருக்குப் பதில் ஒரு கரைப்பான். பல காலமாகப் பெரும்பாலும் பெர்க்குளோரோஎத்திலீன். எண்ணெய், கிரீஸ், லிப்ஸ்டிக் எல்லாம் அதில் சுலபமாகக் கரைந்துவிடும். ஆனால் வியர்வையின் உப்பும் சிந்திய பழச்சாற்றின் சர்க்கரையும் கரைவது தண்ணீரில். அந்தக் கறைகளைத் தனியாகக் கவனித்து எடுத்தால்தான் உண்டு. இன்னொன்று, அந்தக் கரைப்பான் உடம்புக்கும் நல்லதல்ல. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024 டிசம்பரில், டிரை கிளீனிங்கில் அதன் பயன்பாட்டை 10 ஆண்டுகளுக்குள் படிப்படியாக நிறுத்தச் சொல்லி விதி கொண்டுவந்தது.

சரி, வீட்டிலேயே பார்த்துவிடலாம் என்று அலமாரியைத் திறந்து, முதலில் லேபிள்களைப் படித்தேன். தொட்டிப் படத்துக்குள் ஒரு கை இருந்தால் கையால் துவைக்கலாம். தொட்டியின் மேல் பெருக்கல் குறி போட்டிருந்தால் தண்ணீரே வேண்டாம் என்று அர்த்தம். வெறும் வட்டம் டிரை கிளீனிங்குக்கு. பட்டுச் சட்டையில் வட்டம் மட்டும் இருந்தது, தொட்டிப் படமே இல்லை. கூடாது என்று சொல்லவில்லையே என்று நானே ஒரு வியாக்கியானம் செய்துகொண்டேன். கெட்டால் என் பொறுப்பு.

முதல் வேலை சாயம் பார்ப்பது. வெள்ளைத் துணித் துண்டை ஷாம்பு கலந்த தண்ணீரில் நனைத்து, சட்டையின் உள்தையல் மடிப்பில் வைத்து இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தேன். துண்டில் நீலம் ஏறவில்லை. ஏறியிருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன்.

சோப்புத்தூள் ஏன் இல்லை, ஷாம்பு எதற்கு? பட்டும் கம்பளியும் புரதம், நம் தலைமுடி மாதிரி. பல சோப்புத்தூள்களில் புரதக் கறையைத் தின்பதற்கென்றே புரோட்டியேஸ் என்கிற நொதி சேர்க்கிறார்கள். அதற்குக் கறை எது, சட்டை எது என்று தெரியாது. தூளின் காரமும் இந்த இழைகளுக்கு ஆகாது. கம்பளிக்கும் பட்டுக்கும் என்றே விற்கும் திரவம் இருந்தால் நல்லது. என்னிடம் இருந்தது குழந்தைகளுக்கான ஷாம்பு.

ஆறு லிட்டர் தண்ணீர், ஒரு தேக்கரண்டி ஷாம்பு. கையை விட்டால் சூடும் தெரியக் கூடாது, குளிரும் தெரியக் கூடாது. 30 டிகிரிக்கு மேல் போகவில்லை. சட்டையை உள்புறம் வெளியே திருப்பி அமுக்கினேன். உடனே மேலே உப்பி வந்தது, மறுபடி அமுக்கினேன். அடித்துத் துவைத்தே பழகிய கைக்கு இது பெரிய தண்டனை. காலரைப் பார்த்ததும் கட்டைவிரல் தானாகத் தேய்க்கப் போனது. ஈரப் பட்டைத் தேய்த்தால் அந்த இடம் மட்டும் வெளுத்து, பஞ்சு பஞ்சாக எழும்பிவிடும். நல்ல வேளை, கையை இழுத்துக்கொண்டேன். ஐந்தாவது நிமிடம் வாளியைப் பார்த்தால் தண்ணீர் கஷாய நிறத்தில் இருந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் 'சுத்தமாக' வந்த சட்டையிலிருந்து இவ்வளவு!

மூன்று முறை அலசினேன். மூன்றாவது தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் விட்டேன். மிச்சமிருக்கும் ஷாம்பையும் காரத்தையும் அது எடுத்துவிடும், பட்டுக்குப் பளபளப்பும் திரும்பும். (பட்டன்கள் நிஜமான சிப்பியாக இருந்தால் வினிகர் வேண்டாம். சிப்பி சுண்ணாம்புச் சத்து, அமிலம் அதை அரிக்கும். என்னுடையவை பிளாஸ்டிக்.) அப்புறம் பிழியாமல், ஒரு தடித்த துண்டின் மேல் சட்டையை விரித்து, பாய் மாதிரி சுருட்டி, மேலே அழுத்தினேன். ஈரத்தில் பெரும்பகுதி துண்டுக்குப் போய்விட்டது. நிழலில் காயவைத்து, லேசான ஈரம் இருக்கும்போதே உள்பக்கம் திருப்பி, ஒற்றைப் புள்ளிச் சூட்டில், அதாவது இருப்பதிலேயே குறைந்த சூட்டில், இஸ்திரி போட்டேன். மஞ்சள் கோடு முக்கால்வாசி போயிருந்தது. இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை. இப்போது தேடிப் பார்த்தால்தான் தெரிகிறது.

அடுத்தது கம்பளி ஸ்வெட்டர். இதில் எனக்குப் பழைய பகை ஒன்று உண்டு. சில வருடங்களுக்கு முன்பு ஒரு ஸ்வெட்டரை மற்ற துணிகளோடு மெஷினில் வெந்நீரில் போட்டு, பொம்மைக்குப் போடும் அளவில் வெளியே எடுத்தேன். கம்பளி இழையின் மேல் மீன் செதில் போல அடுக்கடுக்காகச் செதில்கள் உண்டு. சூடும் ஈரமும் உரசலும் சேர்ந்தால் அவை ஒன்றுக்குள் ஒன்று மாட்டி இறுகிவிடும். பிறகு பிரிக்கவே முடியாது. தண்ணீரால் மட்டும் சுருங்கிவிடுமென்றால் மழையில் நனையும் ஆடுகளின் கதி என்ன ஆகும்?

ஆகவே இந்த முறை துவைப்பதற்கு முன்பே ஸ்வெட்டரை ஒரு பெரிய தாளின் மேல் விரித்து, பென்சிலால் சுற்றி வரைந்துகொண்டேன். மொத்த வேலையிலும் புத்திசாலித்தனமாக நான் செய்தது இது ஒன்றுதான். அதே ஷாம்பு, அதே வெதுவெதுப்பு. அலசும் தண்ணீரும் அதே சூட்டில் இருக்க வேண்டும், திடீரென்று குளிர்ந்த நீர் கூடாது. தூக்கும்போது குழந்தையைக் குளிப்பாட்டி எடுப்பது மாதிரி இரண்டு கையாலும் அடியில் ஏந்தித் தூக்கினேன், தோளைப் பிடித்துத் தூக்கினால் தண்ணீரின் கனத்திலேயே நீண்டுவிடும். துண்டில் சுருட்டி எடுத்த பிறகு மார்பு அகலம் 54 சென்டிமீட்டர் இருந்தது. பென்சில் கோடு 51. கோட்டுக்குள் வரும்படி விளிம்பை மெதுவாக ஒதுக்கி ஒதுக்கி வைத்து, அப்படியே படுக்கவைத்துக் காயவிட்டேன். இரண்டு நாள் ஆனது. காய்ந்ததும் அளந்தேன், 51.

இந்தத் தைரியத்தில்தான் ரேயான் ஸ்கர்ட்டில் மாட்டிக்கொண்டேன். பட்டும் கம்பளியுமே பிழைத்துவிட்டன, இது என்ன பிரமாதம் என்ற நினைப்பு. ரேயான் மரக்கூழிலிருந்து வருவது, ஆனால் பருத்தி போல நடந்துகொள்ளாது. பருத்தி நனைந்தால் இன்னும் உறுதியாகும். ரேயானோ நனைந்ததும் ஏறக்குறைய பாதி பலத்தை இழந்துவிடும். துவைத்ததில் தவறில்லை, காயவைத்ததில்தான் கோட்டை விட்டேன். சொட்டச் சொட்ட இடுப்புப் பட்டியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டுவிட்டேன். பக்கங்களை மூலைவாட்டில், அதாவது நூலோட்டத்துக்குச் சாய்வாக, வெட்டித் தைத்த ஸ்கர்ட் அது. மறுநாள் பார்த்தால் நேர்வாட்டத்தில் இருந்த துணி அப்படியே இருக்க, மூலைவாட்டில் வெட்டிய பக்கங்கள் மட்டும் மூன்று சென்டிமீட்டர் இறங்கித் தொங்கின. நனைத்து, படுக்கவைத்து, மறுபடி இஸ்திரி போட்டுப் பார்த்தேன், ஒன்றரை சென்டிமீட்டர்தான் மேலே ஏறியது. மிச்சத்தைக் கத்தரித்து விளிம்பை மடித்துத் தைக்க வேண்டியதாயிற்று. ஸ்கர்ட் இப்போது கொஞ்சம் குட்டை.

மிச்சம், மேலே அணியும் கோட்டு ஒன்றுதான். அதை இன்னும் தொடவில்லை, தொடப்போவதும் இல்லை. அதன் முன்பக்கத்துக்கு விறைப்புக் கொடுக்க உள்ளே ஒரு துணியைப் பசையால் ஒட்டியிருக்கிறார்கள். நனைந்து பசை விட்டுப்போனால் மார்பில் கொப்புளம் கொப்புளமாக எழும்பி நிற்கும், எந்த இஸ்திரியும் அதைச் சரிசெய்யாது. மேல்துணி, லைனிங், உள்விறைப்பு மூன்றும் ஒரே அளவில் சுருங்கும் என்ற உத்தரவாதமும் கிடையாது. அதனால் அது நேற்று கடைக்கே போய்விட்டது. கைப்பகுதியில் இருந்த எண்ணெய்க் கறையையும் கழுத்தில் இருந்த வியர்வைக் கறையையும் கடைக்காரரிடம் தனித்தனியாகக் காட்டி, எது எது என்று சொல்லிவிட்டு வந்தேன். கழுத்துக்கு நேராக மட்டும் ஒரு சின்னச் சீட்டைப் பின் குத்திக்கொண்டார்.