மீசை எடுத்த மாதம்

3.2.2025, திங்கள்

மஸ்கட் பள்ளியில் இருந்து மெயில். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் வாத்தியார் வேலை. இன்டர்வியூ முதல் சுற்று வீடியோவில், 16ஆம் தேதி ஞாயிறு காலை 11 மணி. அங்கே அப்போது ஒன்பதரை. வெள்ளியும் சனியும்தான் அவர்களுக்கு லீவு, ஞாயிறு வேலைநாள்.

எனக்கு 43 வயது. தலை பாதி நரை, மீசை முக்கால் நரை. ஸ்டாஃப் ரூம் சுவரில் ராதாகிருஷ்ணன் படம். நம்மூர் வேலூர் ஊரிசு கல்லூரியில் படித்தவர். அந்தத் தலைப்பாகை எனக்கும் இருந்தால் தலைப் பிரச்சினை தீர்ந்தது. மீசைக்குத்தான் வழியில்லை.

5.2.2025, புதன்

ராத்திரி எல்லாரும் தூங்கினபிறகு மீசைக்கு டை அடித்தேன். காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி 48 மணி நேரம் பார்க்கச் சொல்லி பாக்கெட்டில் எறும்பு எழுத்தில் போட்டிருக்கிறது. அடித்து முடித்தபிறகு படித்தேன். லேபில் "முதல்ல லேபிளைப் படிங்கடா" என்று தினம் கத்துகிறவன் நான்.

7.2.2025, வெள்ளி

மேலுதடு உளுந்து வடை மாதிரி வீங்கிவிட்டது. அரிப்பு தாங்கவில்லை. கெமிஸ்ட்ரி சார் பார்த்ததுமே சொல்லிவிட்டார்: "டையில இருக்கிற பாரா ஃபினைலின் டைஅமீன் சார், உங்களுக்கு ஒத்துக்கல." தோல் டாக்டரும் அதையேதான் சொன்னார். ஒருதரம் ஒத்துக்காமல் போனால் பெரும்பாலும் ஆயுசுக்கும் ஒத்துக்காதாம். கறுப்பு மருதாணி என்று விற்பதிலும் இதே சரக்கு இருக்கலாம், அதையும் தொடாதே என்றார். களிம்பு படவேண்டும், மீசையை எடுத்துவிடுங்கள்.

இன்று வெள்ளி, நாளை சனி. அம்மா கத்தி எடுக்க விடாது. ஞாயிறு வரை வடையோடுதான்.

9.2.2025, ஞாயிறு

சத்துவாச்சாரி சலூன். "மீசையுமா சார்? நல்லா யோசிச்சு சொல்லுங்க" என்று இரண்டுமுறை கேட்டுவிட்டுத்தான் கத்தியை வைத்தார். தலைமுடியையும் இன்றே வெட்டச் சொன்னது அவர்தான். இன்டர்வியூவுக்கு முந்தின நாள் வெட்டினால் காதோரமும் பிடரியும் வெள்ளையாகக் கோடு போட்ட மாதிரி தெரியும், ஒரு வாரம் விட்டால் வெயில் பட்டு ஒரே நிறமாகிவிடும் என்றார். செவ்வாய்க்கிழமை கடை லீவு வேறு.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா: "இன்னாடா இது, யாருக்குக் காரியம்?"

பதினேழு வயதில் வைத்த மீசை. இதற்குமுன் ஒரே ஒரு தடவைதான் எடுத்தேன், அப்பா காரியத்தில். நான் காரணம் சொல்வதற்குள் அம்மா உள்ளே போய்விட்டது. சாப்பாடு போடும்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

13.2.2025, வியாழன்

லேப்டாப்பில் ஒத்திகை. வெள்ளைச் சட்டையில் முகம் கரிச்சட்டி மாதிரி விழுந்தது. காமிரா மொத்த வெளிச்சத்தைச் சேர்த்துத்தான் அளக்கிறது. பளிச்சென்ற வெள்ளை பெரிதாக இருந்தால் எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். பொடிக்கட்டம் போட்டால் அலை அலையாக நெளிகிறது. வெளிர்நீலம் நிற்கிறது. மூக்குக்கண்ணாடியில் டியூப்லைட் வெள்ளைக் கோடாக விழுந்தது. படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்று பத்தொன்பது வருஷமாக நடத்துகிறேன், லேப்டாப்புக்கு அடியில் நாலு புத்தகம் வைக்கவேண்டும் என்று கண்டுபிடித்தது என் மனைவி.

கோட்டு வேண்டாம் என்று முடிவு. ஃபேன் போட்டால் மைக்கில் இரைகிறது, ஃபேன் இல்லாமல் வேலூரில் கோட்டா?

ஆம்பூர் ஷூ கம்பெனியில் இருக்கும் மச்சான், சின்னக் கீறல் விழுந்து ஏற்றுமதியில் கழித்த கறுப்பு ஷூ ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். கீறல் எங்கே என்று தேடினேன், கிடைக்கவில்லை.

16.2.2025, ஞாயிறு

ஷூவைப் போட்டுக்கொண்டு ஹாலில் உட்கார்ந்தேன். "பூஜை ரூம் பக்கத்துல செருப்பா!" அம்மா ஒரு வாரத்துக்குப் பிறகு என்னிடம் வாய்விட்டுப் பேசியது இதுதான். காலில் ஷூ இருந்தால்தான் எனக்கு வகுப்புக் குரல் வரும், அதற்கு நான் என்ன செய்ய.

மூன்று பேர் கேட்டார்கள். நான் நடத்திய லென்ஸ் பாடத்தை எட்டாவது நிமிடத்தில் நிறுத்தி, எழுந்து போர்டில் கதிர்ப்படம் போடச் சொன்னார்கள். பேன்ட்டும் அயர்ன் பண்ணியே ஆகவேண்டும் என்று மனைவி நேற்று சண்டை போட்டது நல்லதாகப் போயிற்று. உதட்டுமேல் இருந்த சிவப்புத் திட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. உணவு இடைவேளையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வீர்களா என்றுதான் கேட்டார்கள்.

20.2.2025, வியாழன்

இரண்டாம் சுற்று சென்னையில், நேரில். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ நான்கு, வெள்ளைப் பின்னணி, சமீபத்தில் எடுத்தது. தோட்டப்பாளையம் ஸ்டுடியோவுக்குப் போனேன். அரைகுறையாக முளைத்த மீசை, அத்தனையும் வெள்ளை. தம்பி கம்ப்யூட்டரில் என் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "மீசை வச்சுத் தரட்டா சார்? கறுப்பா போட்டுடலாம்" என்றான்.

வேண்டாம்ப்பா, கோட்டு மட்டும் போடு என்றேன். நீலமா கறுப்பா என்று கேட்டான்.