எபேன், பிப்ரவரி: நாலாவது மெஷின்

பிப்ரவரி 6, வியாழன்
சர்வர் எவ்வளவு தாங்கும் என்று பார்க்கும் லோட் டெஸ்ட், ஐந்து மெஷினிலிருந்து. மொத்தம் 2,000 யூசர் என்று டெஸ்ட் பிளானில் 2,000 த்ரெட் (ஒரு த்ரெட், ஒரு போலி யூசர்) போட்டாயிற்று. சுமையை உண்டாக்கும் ஜேமீட்டர் அதைப் பங்கு பிரிக்காது. ஐந்து மெஷினும் முழு பிளானையும் ஓட்டும். சர்வருக்குப் போனது 10,000. விழாமல் என்ன செய்யும்?

பிப்ரவரி 7
மெஷினுக்கு 400. முடிவெல்லாம் ஐந்தையும் இயக்கும் கண்ட்ரோலருக்கே வந்து குவிகிறது. இனி தனித்தனியாக ஓட்டி, ஃபைல்களைப் பிறகு சேர்க்க வேண்டியதுதான். யூசர் பட்டியல் இருக்கும் சிஎஸ்வி ஃபைலையும் ஒவ்வொரு மெஷினிலும் கையால் வைக்க வேண்டும். ஐந்திலும் ஒரே ஃபைல் என்றால், முன்பு கேட்டதை நினைவில் வைத்திருக்கும் கேஷே பதில் சொல்லும், டேட்டாபேஸ் தூங்கும். ஐந்தாக வெட்டியாயிற்று.

பிப்ரவரி 8
நாலாவதன் ரெஸ்பான்ஸ் டைம் மட்டும் இழுக்கிறது.

பிப்ரவரி 9
ஐந்து மெஷினின் 95வது பெர்சென்டைலையும் (நூற்றில் 95 ரிக்வெஸ்ட் முடிந்துவிடும் நேரம்) கூட்டி ஐந்தால் வகுத்து ஒரு ஷீட். தலையில் அடித்துக்கொள்ளலாம். ஒன்றில் 9,000 ரிக்வெஸ்ட், எல்லாம் 100 மில்லிசெகண்ட். இன்னொன்றில் 1,000, எல்லாம் 2,000 என்று வையுங்கள். சராசரி 1,050. அந்த 1,050இல் ஒரு ரிக்வெஸ்ட்கூட முடியவில்லை! சேர்த்து வரிசைப்படுத்தினால் 90வது 100, 95வது 2,000. ஆவரேஜையாவது எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டி வகுக்கலாம். பெர்சென்டைலுக்கு மூல வரிகள் வேண்டும். ஃபைல் பெருத்துப் போனால், நேரங்களைப் பக்கெட்டுகளாகப் பிரித்து எண்ணி வைக்கும் ஹெச்டிஆர் ஹிஸ்டோகிராம், பக்கெட் பக்கெட்டாகக் கூட்டலாம்.

பிப்ரவரி 10
ஃபைல் சேர்ப்பு. முதல் ஃபைலின் தலைப்பு வரி மட்டும் இருக்கட்டும், மற்ற நான்கிலும் வெட்டு. ஒன்றில் ஹோஸ்ட்நேம் (மெஷின் பெயர்) பத்தி கூடுதலாக இருந்து எல்லாம் ஒரு கட்டம் தள்ளிப்போயிருந்தது. ஐந்திலும் ஒரே செட்டிங் இருக்க வேண்டும். பிறகு டைம்ஸ்டாம்ப் வரிசை. மூன்றாவதன் கடிகாரம் 38 செகண்ட் முந்தி. ரெஸ்பான்ஸ் டைமுக்குக் கேடில்லை, தொடக்கமும் முடிவும் ஒரே கடிகாரம்தானே. செகண்டுக்கு எத்தனை ரிக்வெஸ்ட் என்று காட்டும் த்ரூபுட் கிராஃப்தான் இரு முனையிலும் படிக்கட்டு. கடிகாரங்களை ஒன்றாக வைக்கும் க்ரோனி போட்டாயிற்று. இந்த ஓட்டத்துக்கு, ஐந்தும் சேர்ந்து ஓடிய நடு 20 நிமிடம் மட்டும் கணக்கு.

பிப்ரவரி 11, தைப்பூசம்
காவடி. லீவு. நாலாவது ஏன்?

பிப்ரவரி 12
ஹீப், அதாவது ஜேமீட்டருக்கு ஒதுக்கிய மெமரி. மற்ற நான்கிலும் 4 ஜிபி, இதில் டிஃபால்ட் 1 ஜிபி. வேண்டாத மெமரியைத் துடைக்கும் கார்பேஜ் கலெக்ஷனுக்கு ஜேவிஎம் (ஜேமீட்டரை ஓட்டும் ஜாவா) நிற்கும்போது காத்திருக்கும் ரிக்வெஸ்ட் எல்லாம் நீளும். பழி சர்வர் தலையில். அதைவிட மோசம், அப்போது போயிருக்க வேண்டிய ரிக்வெஸ்ட் ஃபைலில் வரியாகவே இல்லை. நாலாவதை மட்டும் விட்டுவிடலாமே என்கிறார்கள். அதன் 400 யூசர் சுமையும் சர்வர் மேல் இருந்ததே! ஐந்தையும் மறுபடி ஓட்ட வேண்டும்.

பிப்ரவரி 13
இரவு 9:40. நான்கு ஃபைல் வந்தாயிற்று.